ஜெர்மன் காட்டில் சொன்ன பல்லி

காய்ந்த பலகையை நகத்தால் சுண்டினால் எழுமே, அப்படி ஒரு சத்தம்: டக்... டக்... சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் டக். ஏப்ரல் மாத விடியலில், ஸ்வார்ஸ்வால்ட் மலைக்காட்டில், பனி இன்னும் முழுதாகக் கரையாத ஒரு பாதையோரம் அம்மாவும் அப்பாவும் நானும் நின்றபோது அது கேட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த நேரத்தில் காட்டுக்குள் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாங்கள் இருந்த அகதிகள் விடுதியில் அறைக்கு அறை மெல்லிய பலகைச் சுவர். ஒரு ரகசியம் பேச வழியில்லை. மறுநாள் அப்பாவுக்கு "டெர்மின்", அதாவது எங்களை இங்கே இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று விசாரிக்க அதிகாரிகள் குறித்துக் கொடுத்த நாள். போனால் அப்படியே பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ அப்பாவின் காதில் ஓதியிருந்தார்கள். அன்றைக்கே எல்லையைக் கடந்து பாரிசிலிருந்த மாமாவிடம் ஓடிவிடலாம் என்றார் அப்பா. அம்மா மசியவில்லை. அதற்குள் நான்கு இடத்தில் மூட்டை கட்டி அவிழ்த்துச் சலித்திருந்த எனக்கு இன்னொரு ஓட்டம் வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

"ஓடி ஓடி எங்கை முடியிறது? டெர்மினுக்குப் போவம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. எங்களை அனுப்பமாட்டினம்," என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, டக், டக், டக்.

அப்பாவின் முகம் மாறியது. "பல்லி சொல்லிட்டுது," என்றார் மெல்ல. ஒருவர் பேசி முடிக்கும்போது பல்லி சொன்னால் அந்தச் சொல் பலிக்கும் என்பது யாழ்ப்பாணத்து நம்பிக்கை. அம்மா உடனே குனிந்து, விழுந்து கிடந்த மரத்தில் விரலால் மூன்று தரம் தட்டினார். இந்தக் குளிரில் பல்லி ஏது என்று இருவரும் கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வீட்டில் காதுக்கும் அப்படித்தான்.

எனக்குத் தெரியும். முந்திய வாரம்தான் வகுப்பில் ஆசிரியை ஒலிநாடா போட்டு, படமும் காட்டியிருந்தார். அது "ஆவர்ஹான்", வான்கோழி அளவு பெரிய காட்டுச்சேவல். முதலில் விட்டு விட்டு டக் டக் என்னும்; பிறகு அந்த டக் டக் நெருங்கி நெருங்கி உருளும்; அதன்பின் போத்தல் தக்கை தெறிக்கிற சத்தம்; கடைசியில் கத்தி தீட்டுகிற கீச்சு. எந்தப் பல்லியும் தக்கை தெறிக்கிற மாதிரிச் சத்தம் போடாது. அது கேட்டால் அப்பா விழித்துக்கொள்வார், பின்னேரமே மூட்டை கட்டுவோம். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களிடம் தெரிந்ததை மறைத்தது அதுதான் முதல் தடவை.

டக் டக் நெருங்கத் தொடங்கியது. அவர்கள் இருவரின் முதுகுக்கும் பின்னால் பத்தடி தூரத்தில், மரங்களுக்கிடையிலிருந்து அது நடந்து வந்தது: கரிய உடம்பு, விசிறியாய் நிமிர்ந்த வால், கண்ணுக்கு மேலே சிவப்பு, அலகுக்குக் கீழே தாடி, தோளடியில் வெள்ளைப் பொட்டு. படத்தில் பார்த்த அடையாளம் ஒன்றும் பிசகவில்லை. பெட்டையைத் தேடும் இந்த வசந்தகாலத்தில் சில சேவல்கள் ஆட்களையே பாய்ந்து கொத்தும் என்று ஆசிரியை சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"அப்பா, குளிருது, வாங்கோ போவம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் தக்கை தெறித்தது. அப்பா திரும்பிப் பார்க்கப் போனார். நான் ஓவென்று அழுதேன். நடிப்பில்லை, பயத்தில் நிஜமாகவே வந்த அழுகை. பிள்ளைக்குக் குளிர் தாங்கவில்லை என்று அவர் என்னைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்தார்.

மறுநாள் டெர்மினுக்கு அவர்கள் இருவரும் உள்ளே போக, நான் விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீள மர வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவே இல்லை. அவர்களைக் கொண்டுபோய்விட்டால் அது நான் சேவலை மறைத்ததால்தான் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திறந்தது. முதலில் ஆறு மாதம் இருக்க விட்டார்கள், பிறகு இன்னுமொரு ஆறு மாதம், அப்படியே இந்த நாட்டிலேயே தங்கிவிட்டோம்.

இன்று அந்த விடுதி இல்லை. அந்தக் காட்டில் இப்போது சேவலின் சத்தமும் கேட்பதில்லையாம். அம்மாவும் இல்லை, கடைசிவரை அந்தப் பல்லிக்கு நன்றி சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். போன மாதம் ஹம் நகரில், அப்பாவின் வீட்டுச் சமையலறையில், அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உந்தக் குளிருக்குள்ளை பல்லி எங்கை, பிள்ளை? எனக்கும் தெரியும். கொம்மா சொன்னதுதான் சரியெண்டு மனம் சொல்லிச்சுது. ஆனால் பிழைச்சால் ஆர் பொறுப்பு? அதுதான் பல்லியிலை போட்டன்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் பல்லியில் போட்ட பொறுப்போடு அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.