மேகத்துக்கு மேலே அடித்த மின்னல்

வானத்தைத் திட்ட முடியாதவர்கள் எல்லாரும் வானிலை ஆபீஸ்காரனைத் திட்டுவார்கள். மேலதிகாரிக்குக் கீழே குப்பை கொட்டியவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

எண் கிடையாது

எண்பதுகளில் தர்மபுரியில் வானிலைப் பார்வையாளனாக இருந்தேன். மழை, காற்று, இடி, மின்னல், எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தந்தியில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு சித்திரை மாதம், இருட்டிக்கொண்டு வருகிற நேரம், ஆபீஸ் மொட்டை மாடியில் நின்றிருந்தேன். மைசூர்ப் பக்கம் வெகுதூரத்தில் இடிமேகம். அதன் உச்சிக்கு மேலே, வெறும் வானத்தில், சிவப்பாக ஒன்று கொடிகொடியாக எழுந்து அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அதற்கு எண் கிடையாது. "மேகத்துக்கு மேலே சிவப்பு ஒளி" என்று எழுதிக் கொடுத்தேன். தந்தி ஆபீஸ் காதர் பாய் தாளையும் என்னையும் பார்த்தார்.

"நம்பர் இல்லாத மின்னல் அடிக்காதுங்க சார். வெட்டிடவா?"

கண் டாக்டர்

வெட்ட விடவில்லை. பிடித்தது சனி. கண் பரிசோதனை செய்து வரும்படி மேலதிகாரி உத்தரவு போட்டார். தேறாவிட்டால் பார்வையாளர் வேலை போய்விடும்; தபால் பிரிவில் உட்கார வேண்டும். எனக்கு வானம் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. கடைசி வரி எழுத்துவரை படித்துக் காட்டினேன். டாக்டர் சிரித்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க ஆபீசர் ஒரு தடவையாவது அண்ணாந்து பாத்திருக்காரா?"

சாட்சி

கண் தேறியும் மேலதிகாரி விடவில்லை. "வேற யார் பாத்தா?" என்றார். சாட்சி தேடிப் பக்கத்திலிருந்த வத்தல்மலைக்கு ஏறினேன். சாமைக் காட்டில் நின்றவரிடம், அந்தச் சிவப்பு ஒளியைப் பார்த்திருந்தால் ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன்.

"பாத்திருக்கேங்க. அது மேல போவுது, யாரையும் ஒண்ணும் பண்ணல. கீழ வந்து எங்க மாட்டைக் கொன்னுச்சே, அதைப் பாக்க உங்காளுங்க ஒருத்தரும் வரலீங்களே. நான் மட்டும் எதுக்கு வரணும்?"

இறங்கி வந்தேன். தபால் பிரிவு.

செய்தி

எண்பதுகள் முடிந்த சமயம் பேப்பரில் போட்டிருந்தான்: விண்வெளி ஓடத்திலிருந்த கேமராவில், இடிமேகத்துக்கு மேலே எழும் ஒளி பதிவாகியிருக்கிறதாம். பேப்பரை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அவங்க விண்வெளியில இருந்து பாத்திருக்காங்க. நீங்க மொட்டை மாடியில இருந்து பாத்தீங்க. ரெண்டும் ஒண்ணா?"

ரிட்டையராகும்வரை ஜன்னலில்லாத அறையில் தபால் உறை ஒட்டினேன். அங்கிருந்து பார்த்தால் எல்லா மின்னலுக்கும் எண் இருந்தது.