ஹட்டன் பல் கடையில் நான் விற்ற மெஷின்

பல்வலி என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வலி இருந்தது உண்மை, போனது வியாபாரத்துக்காக. 1959 மாசி மாதம். பல் குடையும் மின்சார மெஷின் ஒன்றைக் கொழும்பிலிருந்து இறக்கி, ஹட்டனில் பல் கடை வைத்திருக்கும் சீனர் லின்னுக்கு விற்றிருந்தேன். ஒரு மாதத்தில் பழக முடியாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக வாக்கு. கண்டியிலும் பதுளையிலும் அவருடைய சொந்தக்காரர்கள் இதே தொழில்தான். ஒரு வீடு முயன்று பார்த்துக் கடிதம் எழுதும், பிறகே மற்ற வீடுகள் வாங்கும். லின் வேண்டாமென்றால் அந்த வாசல்களும் எனக்கு அடைபட்டுவிடும்.

எங்கள் பூண்டுலோயாவில் காலை ஆறரைக்குப் பஸ். தலவாக்கலை வரை பத்து மைல், ஐம்பது சதம். அங்கிருந்து மூன்றாம் வகுப்பு ரயில், நாற்பது சதம். ஒன்பதரைக்கு ஹட்டன். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை.

மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். திருப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. எங் காலு சொன்னபடி கேக்கல," என்றார் லின். இருபது வருஷமாகத் தையல் மெஷின் போல மிதித்தே பல் குடைந்தவர். புதியதில் கால் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் போதும். இவர் பழக்கத்தில் மிதித்துக்கொண்டே இருக்க, அது ஓடுவதும் நிற்பதுமாகத் திணறியிருக்கிறது.

"அப்ப எடுத்துட்டுப் போகவா?"

"எதுக்கு? இவ நல்லா ஓட்டுறாளே!" என்று மனைவியைக் காட்டினார்.

அந்த அம்மா அதுவரை பல் அடைக்கும் மருந்து மட்டும் குழைத்தவர். மிதித்துப் பழகாத கால். பிடுங்கிய பற்களைச் சாந்தில் பதித்து மாதம் முழுக்கக் குடைந்து பழகியிருந்தார். முதல் வரிசைப் பற்கள் சிதறிக் கிடந்தன. கடைசி வரிசையில் உளுந்தளவு துளை, அத்தனை சுத்தம்.

"செத்த பல்லு சரி. உசிருள்ள வாயி?" என்றேன்.

"ஒருத்தரும் ஒக்கார மாட்டேங்கிறாங்க." நான் கன்னத்தில் கை வைத்திருந்ததை அம்மா பார்த்தார். "மொதலாளி வித்த மெஷின்தானே? பயமா?"

பேசியே பிழைத்த வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

லின் என் தலையைப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓடியதும் அவர் கால் தன்பாட்டுக்குத் தரையை மிதிக்க, என் தலை ஆடியது. அம்மா சீனத்தில் ஒரே ஒரு அதட்டல் போட்டார். கால் நின்றது. இருபது நிமிடத்தில் சொத்தை போய்ப் பல் அடைபட்டது.

லின் அங்கேயே கண்டிச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினார். "என்ன எழுதுறீங்க?" என்றேன்.

"வாங்குன்னு. ஆனா மிதிச்சுப் பழகாத ஆளுகிட்ட குடுன்னு."

போகிறவர்களுக்கு: சம்பள வாரத்தில் போகாதீர்கள், தேயிலைத் தோட்டத்துக் கூட்டம் தாங்காது. அடைப்புக்கு மூன்று ரூபாய். கூச்சப்படாமல் அம்மாவையே கேளுங்கள்.

அடுத்த மாதம் கண்டிக்கு மெஷினோடு போனேன். "இந்த வீட்டுல மிதிச்சுப் பழகாதவங்க யாரு?" என்று முதலில் கேட்டேன். பிறகு வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டினேன்.