கொட்டிவிட்ட தண்ணீர்

பின்லாந்தின் கிழக்கு எல்லையோரச் சிறுநகரம் ஒன்றில் நாங்கள் குடியேறிய மூன்றாம் வாரம், கீழ்த்தளத்து ஹன்னா கதவைத் தட்டினார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எங்கள் அடுக்ககத்தின் பாதுகாப்புப் பொறுப்பும் அவருடையதுதான். "உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாவம், தாகம் போலிருக்கிறது என்று நினைத்த என் மனைவி கவிதா, எங்கள் பக்கத்து வழக்கப்படி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஹன்னா சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். "மூன்று நாளைக்கு இது போதாதே" என்றார், உண்மையான கவலையோடு.

வெளியுதவி இல்லாமல் மூன்று நாள் தாக்குப்பிடிக்க ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர், உணவு, டார்ச் விளக்கு, சின்ன ரேடியோ இருக்க வேண்டும் என்பது இங்கே அரசின் அறிவுரை. எல்லைக்கு அப்பால் பெரிய நாடு. அது தன் இன்னொரு அண்டை நாட்டோடு போரில் இருக்கிறது. எங்கள் கட்டடத்துக்கு அடியில் கனத்த இரும்புக் கதவு போட்ட பதுங்கறை உண்டு. சாதாரண நாளில் அதில் சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கிடக்கும். இதையெல்லாம் யாரும் பயந்து பேசுவதில்லை. லாரியை ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டுவதுபோல, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்த நிதானத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

விஷயம் புரிந்ததும் கவிதா ஹன்னாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். அவள் எடப்பாடிக்காரி. என்றைக்காவது ஒருநாள் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்துவைத்துப் புழங்கிய வீட்டில் வளர்ந்தவள், எப்போது திருகினாலும் தண்ணீர் கொட்டும் ஊரிலும் இரண்டு டிரம்மும் ஆறு கேனும் நிரப்பி வைத்திருந்தாள். நான் கேலி செய்யாத நாளில்லை. ஹன்னாவோ கேன்களை எண்ணிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் அப்பா திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் என்று தெரிந்ததும், குடியிருப்போர் கூட்டத்தில் கட்டடத்தின் தண்ணீர்ப் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பதுங்கறைச் சாவியை வாங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை, இங்குள்ள தமிழர்களின் கைபேசிக் குழுவில் ஒரு செய்தி வந்தது. இன்று விடியற்காலை நகர நீர்த்தேக்கத்தில் விஷம் கலந்துவிட்டார்கள், அரசு மறைக்கிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் மாற்றிக் கட்டடத்தின் குழுவுக்கு அனுப்பினேன், ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினேன். கவிதா அதற்குள் டிரம்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். புதுத் தண்ணீர் வந்தால் பழசைக் கொட்டிக் குடத்தைக் கழுவிப் பழகிய கைகள் எங்களுடையவை. தண்ணீர் கெட்டது என்று காதில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். மேல் வீட்டார் இருவர் என்ன செய்வதென்று விசாரித்தார்கள். கொட்டிவிடுங்கள் என்றேன். பொறுப்பாளர் சொன்னால் கேட்கத்தானே செய்வார்கள்.

ஹன்னா மேலே வந்தார்.

"இது எப்போது பிடித்த தண்ணீர்?"

"வியாழக்கிழமை."

"விஷம் கலந்தது?"

"இன்று விடியற்காலையாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தி உண்மையாகவே இருந்தாலும், இந்தக் கட்டடத்தில் நம்பிக் குடிக்கக்கூடியதாக இருந்தது முன்பே பிடித்துவைத்த அந்தத் தண்ணீர்தான்.

செய்தி பொய். நகராட்சி ஏற்கெனவே சோதித்து அறிவித்திருந்தது. ஹன்னா என் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக் காட்டினார். அந்தச் செய்தி எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததா, இங்கேயே யாராவது கிளப்பியதா என்று இன்றுவரை தெரியாது. ஒரு சொட்டு விஷமும் இல்லாமல், மூன்று வீட்டுத் தண்ணீரை எங்கள் கையாலேயே கொட்டவைத்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் முன்பு இப்படித்தான், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகக் கைபேசியில் புரளி பரவியது. போர்வை விற்க வந்த ஒரு வெளிமாநிலத்தவரை எங்கள் தெருவே சூழ்ந்துகொண்டு அடித்தது. நான் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவர் அப்பாவி என்று தெரிந்த பிறகு தெருவில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மதியம் கூட்டம் போட்டார்கள். சாவியை மேசைமேல் வைத்து, தவறு என்னுடையது என்றேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் மட்டும் கேட்டார்: "செய்தி பொய் என்று, அனுப்பிய எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்களா?" இல்லை. வெட்கத்தில் கைபேசியைத் தொடவே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். விசாரிக்காமல் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, அதன் கீழே என்னைத் தமிழிலும் எழுதச் சொன்னார்கள். சாவியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யை நம்பி ஏமாந்தவன் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு நாட்டின் பாதுகாப்புதான் என்று அன்று கண்டேன்.

முதல் செய்தி சொந்தக்காரர்கள் வழியாக அப்பாவுக்குப் போயிருந்தது; நான் வீட்டுக்கு வருவதற்குள் அழைத்துவிட்டார்.

"சாமி, அங்க சண்டையாமா, தண்ணியில வெசமாமா? மருமவளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பி வந்துருங்க. நம்ம ஊடு இருக்குது, ரிக்கு இருக்குது."

"அது பொய்ச் சேதிங்கப்பா. நாந்தான் தெரியாம அனுப்பிச்சுட்டேன்."

"செரி, இன்னைக்குப் பொய்யி. நாளைக்கு நெசமாப் போச்சுன்னா?"

"நெசமானாலும் நான் வர முடியாதுங்கப்பா. இந்தக் கட்டடத்துக்குத் தண்ணி என் பொறுப்புங்க."

சொல்லிவிட்டேனே தவிர, பெற்றவரிடம் அப்படிச் சொன்னது நெஞ்சை அறுத்தது. அப்பா கணக்குக் கேட்டார்.

"எத்தன ஊடு?"

"பதினெட்டுங்க."

"கொழந்தைங்க?"

"ஏழுங்க."

"கொட்டுனத மறுக்காப் புடிச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பறம் எங்கிட்ட என்ன பேச்சு? போயிப் புடி. போன வெக்காத."

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேனைக் குழாயடியில் வைத்துத் திருகினேன். திருச்செங்கோட்டிலிருந்து அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேன் கழுத்துவரை நிரம்பியதைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்துச் சொன்னார்.

"போதும் சாமி. அடுத்தத வையி."