தரையோடு போன நடனம்

எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரி உப்பளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் மணி அடிப்பது, தரை கழுவுவது என்று எடுபிடி வேலை பார்த்துவந்தேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

அந்த வருட ஆண்டு விழாவுக்காக டான்ஸ் டீச்சர், புகழ்பெற்ற நடனக் கலைஞர்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஹால் சுவரில் ஒட்டினார். "அப்படியே பாத்து ஆடக்கூடாது. ஒரு கை, ஒரு காலு, ஒரு பார்வை, புடிச்சத மட்டும் எடுத்துக்குங்க. மீதிய நீங்களே உண்டாக்குங்க" என்றார். எட்டுப் பெண்கள் பத்து நாள் சண்டை போட்டு, சமாதானமாகி, ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். கடைசியில், யார் எங்கே திரும்புவது என்று சிவப்புத் தரையில் சாக்பீஸால் பாதம் பாதமாக வரைந்து வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு நடக்கும். அதனால் சனிக்கிழமைதோறும் ஹாலைக் கழுவிவிடுவேன். இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, ஒரு பாதம் விடாமல் தேய்த்துவிட்டேன்.

விழாவுக்கு மூன்றே நாள். டீச்சரோ காய்ச்சலில் படுத்துவிட்டார். திங்கட்கிழமை உள்ளே வந்த பெண்கள் தரையைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"இன்னா அண்ணே, எங்க டான்ஸையே தொடச்சிட்டீங்களே!" என்றாள் வாயாடி ஒருத்தி. எட்டுப் பேரில் கடைக்குட்டி அழுதேவிட்டாள். ஆடிப் பார்த்தார்கள், ஒருத்தி காலை ஒருத்தி மிதித்ததுதான் மிச்சம்.

பத்து நாளும் வாசலில் நின்று பார்த்தவன் நான். எனக்கு நினைவிருந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் ஆடிக் காட்டினேன். காதெல்லாம் சுட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்குட்டி மட்டும் சாக்பீஸை எடுத்து என் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள்.

ஓர் இடம் மட்டும் யாருக்கும் நினைவில்லை. தடுமாறிப்போய், குனிந்து கையை வீசியபடி பின்னால் நகர்ந்தேன்.

"ஐயே, அது நீங்க தரை தொடைக்கிறதுண்ணே!" என்றாள் வாயாடி.

விழாவன்று அந்த இடத்தில் எட்டுப் பேரும் ஒன்றாகக் குனிந்து, கையை வீசிப் பின்னால் நகர்ந்தார்கள். கைதட்டல் அடங்க நேரமானது.

"இது எந்தப் படத்துலேர்ந்துடி எடுத்தீங்க?" என்று கேட்டார், காய்ச்சல் விட்டு அன்றுதான் வந்திருந்த டீச்சர்.

"படத்துல இல்ல டீச்சர். அதோ, தூணுக்குப் பின்னால ஒளியிறாரு பாருங்க!"

இன்றைக்கும் தரையில் ஒரு சாக்பீஸ் கோட்டைக் கண்டால், யார் போட்டது, இன்னும் வேண்டுமா என்று கேட்காமல் என் கை துணியை எடுப்பதில்லை.