தறிக்குழியில் இறங்காத அத்தானைப் பார்க்கக் காஞ்சீபுரம் போனது

ஐரோப்பிய யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில் நான் முதன்முதலாகத் தனியே காஞ்சீபுரம் போனேன். கோயில் பார்க்க அல்ல. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா கார்டு போட்டிருந்தாள்: "புத்தி பேதலித்துவிட்டதென்று வெள்ளிக்கிழமை இவரைத் தெற்கே ஒரு கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு விட்டுவிட்டு வரப் போகிறார்கள். யாராவது வாருங்கள்." அப்பா காய்ச்சலில் கிடந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. நானே கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எழும்பூரில் ரயில். செங்கற்பட்டில் இறங்கி அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மூன்றாம் வகுப்பு, பெண்கள் வண்டி, பதினாலணா. பாலாறு முழுக்க மணல். நடுவில் ஒரு நூல் போலத் தண்ணீர். இப்போது பஸ்ஸில் போகிறேன்; சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனாலும் அந்த வண்டியின் மர இருக்கையும், எதிரே இருந்த அம்மாள் பிரித்து நீட்டிய புளியோதரையும் மனசை விட்டுப் போகவில்லை.

பதினொன்றே காலுக்கு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா பேசினேன், மூன்றணா. வண்டிக்காரர் காதர் பாய், நாற்பது வயதிருக்கும்.

"யாரு வூட்டுக்கும்மா?"

"பிள்ளையார்பாளையம். ஏகாம்பரம் வீடு."

"தறியில பாவ அறுத்தாரே, அவரா? ஊரே பேசிக்கினு இருக்குது." திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "நானும் அந்தச் சண்டையில, பஸ்ராவுல மூணு வருசம் கோவேறு கழுதை ஓட்டினேம்மா. அதுங்க எனக்குக் குடுத்த மரியாதையில கால்வாசி இந்தக் குதிரை குடுக்கறதில்ல."

"நீங்க அவருகிட்ட கொஞ்சம் பேசறீங்களா, பாய்?"

"பேசல்லாம் தெரியாதும்மா. ஒரு பீடி குடுக்கறேன்."

வீட்டில் அக்காவின் மாமனார் தறியண்டை குனிந்து, அறுந்த பட்டிழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். நடந்ததை அக்கா சொன்னாள். அத்தான் பட்டாளத்து ஆட்களோடு பதுங்குகுழி வெட்ட, பஸ்ரா இருக்கிற மெசபொடோமியாவுக்குப் போனவர். திரும்பி வந்து ஐந்து மாதமாகியும் தறியில் உட்காரவில்லை. எங்கள் தறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நெசவாளி தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்துதான் மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். போன வாரம் நல்ல நாள் பார்த்து, தறிக்குப் பூசை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு பேராக அவரைத் தூக்கிக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டால் கால் தானாக மிதிக்கும் என்று நினைத்தார்கள். அவர் அலறிக்கொண்டு, தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த இழைகளான பாவையே கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிட்டார்.

"பெத்தவன் மேல கைய வெச்சிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேம்மா. பாவ அறுத்தவன நெசவாளின்னு எப்பிடிச் சொல்றது?" என்றார் மாமனார், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தான் கொல்லையில் முருங்கை மரத்தடியில் இருந்தார். இரவு பகல் அங்கேதான். காதர் பாய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பீடியை நீட்டினார். இரண்டு பேரும் பீடி தீரும்வரை புகைத்தார்கள். அக்கா குழியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டிருந்த பாய்தான் அப்புறம் கேட்டார், "மண்ணு சரிஞ்சப்போ உள்ள எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு," என்றார் அத்தான். "நானும் முனுசாமியும். அவன் தாமல்காரன்."

கதவோரம் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து மாதத்தில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. நாங்கள் யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதும் இல்லை.

"அவன் அம்மா இருக்குதா?"

"இருக்கும்."

"அப்ப நாளைக்கி வண்டி பூட்டறேன்."

தாமல் மேற்கே ஏழெட்டு மைல். போய் வர ஒன்றரை ரூபாய்; பாய் அதில் ஒரு காசு விடவில்லை. புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தான் வழி முழுதும் வண்டிப் பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். ஏரி நிறைந்திருந்தது. கரையை ஒட்டிய களத்தில் முனுசாமியின் தாய் நெல் துழாவிக்கொண்டிருந்தாள்.

யாரென்று சொன்னதும் துழாவுவதை நிறுத்தினாள். "சர்க்கார் காயிதம் வந்துச்சு. பூட்டான்னுதான் போட்டிருந்தாங்களாம். எம் புள்ள தனியாவா கெடந்தான்?"

"இல்லம்மா. நான் கூடத்தான் இருந்தேன், விடியற மட்டும்." அத்தான் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "தண்ணி கேட்டுக்கினே இருந்தான். குப்பி எங்கிட்டதான் இருந்துச்சு. கை ரெண்டும் மண்ணுல பொதஞ்சி… குடுக்க முடிலம்மா."

அவள் வீட்டுக்குள் போனாள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"நீ குடிப்பா," என்றாள்.

அத்தான் இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அந்தக் களத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவள் அவர் முதுகில் கை வைத்தபடி நின்றாள். பாய் குதிரைக்குப் புல் போடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் மாமனாரிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். வியாழக்கிழமை காலையில் தறியிலிருந்து மாமனார் குரல் வந்தது: "ஏகாம்பரம், கரைக்கி நாடா தள்ள ஆளு வரல. குழியில எறங்க வேணாம். இப்பிடி மேல, பக்கத்துல உக்காரு."

புடவைக் கரைக்கான ஊடுநூல் கோத்த நாடாவைப் பக்கத்திலிருந்து தள்ளுவது, தொழில் பழக வந்தவர்கள் செய்யும் வேலை. அத்தான் வாசற்படியில் வெகுநேரம் நின்றார். பிறகு குழிக்கு வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூன்று முறை நாடாவைத் தவறவிட்டார். மாமனார் மிதியை அழுத்திய காலை எடுக்காமல் காத்திருந்தார். வழக்கமாக நாடா தள்ள வரும் அண்டை வீட்டுப் பையனை வர வேண்டாமென்று விடியற்காலையிலேயே அவர் சொல்லியனுப்பிவிட்டாராம். பின்னால் அக்கா சொன்னாள். வெள்ளிக்கிழமை யாரும் தெற்கே போகவில்லை.

போகிறவர்களுக்கு: மாசிக்குப் பின் வெயில் தாங்காது. தாமலுக்கு விடியலிலேயே கிளம்பி, பத்து மணிக்குள் அங்கிருந்து புறப்படப் பாருங்கள். வழியில் நிழல் குறைவு. பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவெல்லாம் பாவு நீட்டியிருப்பார்கள், வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடப்பது மரியாதை. யுத்தத்திலிருந்து வந்த ஒருவரைப் பார்க்கப் போகிறீர்களானால், ஒரே நாளில் திரும்பும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். "அதையெல்லாம் மறந்துவிடு" என்று சொல்லவும் வேண்டாம். கூட இருந்தவர் யாரென்று கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள்.

அத்தான் அதற்கப்புறமும் குழியில் இறங்கியதில்லை. மழைக்காலத்தில் இப்போதும் தூக்கம் கெடும். "இத்தினி வயசாச்சு, இன்னும் நாடாதான் தள்ளறியா?" என்று தெருவில் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாமனார் காலமானபோது தறியை விற்றுவிடச் சொன்னவர்களும் உண்டு. அக்கா காரியம் முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழிக்குள் அவள் இறங்கினாள்.