டாக்டரின் மாத்திரை

எங்கள் மரப்பட்டறையில் பாலிஷ் போடுபவர் எல்லாருக்கும் வைத்தியம் சொல்வார்; அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அவர் அறைக்கு வெளியே, ஜன்னலோர மேசையில் உப்புத்தாள் தேய்ப்பது என் வேலை. கை தேய்ந்தாலும் வாய் தேயவில்லை என்பார்கள். அவரோ அந்தப் பெயரைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

ஆனால் அவர் கண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. அலமாரிக் கதவைச் சாய்த்துப் பிடித்து, நாங்கள் நாலு பேர் பார்த்தும் தெரியாத மயிரிழைக் கீறலை விரல் வைத்துக் காட்டுவார். இருபது வருடமாக அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது.

போன வருடம் பாலிஷ் கரைக்க வேறு ஸ்பிரிட் வந்தது. டப்பாவில் மண்டையோட்டுப் படம், கீழே மெத்தனால் என்று எழுத்து. மேஸ்திரி ரப்பர் கையுறை கொடுத்தார், சுவரில் ஆவியை வெளியே தள்ளும் விசிறியும் மாட்டினார். டாக்டர் கையுறையை ஆணியில் தொங்கவிட்டார். ஈரப் பாலிஷில் தூசி ஒட்டுகிறது என்று விசிறியை அணைத்து, தன் அறை ஜன்னலையும் சாத்தினார். வேலை முடிந்தால் அந்த ஸ்பிரிட்டிலேயே முழங்கைவரை கழுவிக்கொள்வார்.

“கண்ணு போயிடும்யா,” என்றார் மேஸ்திரி.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். “ஃபோலிக் ஆசிட். மெத்தனால் உடம்புக்குள்ள போய் ஒரு அமிலமா மாறும். கண்ணைக் கெடுக்கறது அதுதான். அதை உடைச்சு வெளியேத்தறதுக்கு இந்தச் சத்து வேணும். போன்ல படிச்சேன்.”

படித்தது பொய் இல்லை. அதுதான் வம்பே. ‘ஆனால்’ என்று அடுத்த பத்தி ஆரம்பித்திருக்கும். அதுவரை படிக்கிற பொறுமை நம் டாக்டருக்கு ஏது?

மாத்திரையும் அவருடையதல்ல. மூன்று மாதக் கர்ப்பிணியான மகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அட்டை சீக்கிரமே காலியாவதைப் பார்த்து, தான்தான் மறதியில் இரண்டிரண்டாக விழுங்குகிறோமோ என்று பயந்து, அந்தப் பெண் ஒரு வாரம் மாத்திரையையே நிறுத்திவிட்டாள். அப்புறம் அப்பா சட்டையைத் துவைக்கும்போது குட்டு வெளிப்பட்டது. “ஏம்பா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?” என்று கேட்டாளாம். அதையும் அவரே சொல்லிச் சிரித்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கி விழுங்கினேன். நான் இன்று கண் தெரிந்து இதை எழுதுவதற்கு என் புத்தி காரணமில்லை, என் மேசையோரம் திறந்து கிடந்த ஜன்னல்தான்.

அவசர வேலை ஒன்று வந்தது. மூன்று நாள் அறையைச் சாத்திக்கொண்டு உழைத்தார். தலைவலி, வாந்தி. “பித்தம்,” என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்து, இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் காலை என்னைப் பார்த்துக் கத்தினார். “யோவ்! தேய்ச்ச மாவைத் துடைக்காம அனுப்பியிருக்க. கதவெல்லாம் ஒரே வெள்ளையா கிடக்கு!”

நான் கதவைப் பார்த்தேன். கறுப்பு பாலிஷ், என் முகமே தெரிந்தது. ஒரு பொட்டு தூசி இல்லை. மேஸ்திரியைக் கூவி அழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கழுவினார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். உயிர் தங்கியது. மறுநாள் நிஜ டாக்டரம்மா வந்தபோது, நம்மவர் முதலில் கேட்டதே மாத்திரையைப் பற்றித்தான்.

“ஃபோலிக் ஆசிட்டும் கொடுக்கறோம்,” என்றார் அவர். “ஆனா அது துணைக்குத்தான். அதை மட்டும் நம்பி விஷத்துல கை கழுவினா எப்படிங்க? பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.”

முதல் வாக்கியத்திலேயே நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. மிச்சம் காதில் ஏறவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

மருந்து பாட்டில் தொங்கிய கம்பியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். “கேட்டியாம்மா? நான் அப்பவே சொன்னேன்ல?”

“கேட்டேன்பா,” என்றாள் மகள், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. “நான் இங்க இருக்கேன்.”