ஒற்றை ஸ்பீக்கருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

அப்பா காலமானபின் நிலத்தைப் பிரித்தோம், வீட்டைப் பிரித்தோம், தென்னைகளை எண்ணிப் பிரித்தோம். கடைசியில் கூடத்தில் மிஞ்சியது அவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ. ஆம்ப்ளிஃபயர் எப்போதோ கருகிப்போயிருந்தது. இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டும் நன்றாக இருந்தன. ஆளுக்கொன்று என்றார்கள் பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள். நான் படித்தவன், தம்பியும் முட்டாளில்லை. இருவரும் தலையாட்டினோம். ஒரு ஜோடிச் செருப்பை அண்ணனுக்கொன்று தம்பிக்கொன்று என்று பங்கு போடுகிறோம் என்பது அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தம்பி திருப்பனந்தாள் பக்கம் எங்கள் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறான். நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். வாய்க்கால் கரையில் ஒரு துண்டு நிலம் யார் பட்டாவில் சேரவேண்டும் என்பதில் வாய்ச்சண்டை முற்றி, கல்யாணம், சாவு என்றால் மட்டும் முகம் பார்த்துக்கொள்வது என்றாகிவிட்டது. என் பங்கு ஸ்பீக்கர் வீட்டு மூலையில் பூத்தொட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அதைப் பாடவைத்துப் பார்க்கும் ஆசை வந்தது. பழைய ஆம்ப்ளிஃபயர்களைச் சரிசெய்து விற்கும் கடை ஒன்றைத் தேடிப் போனேன். ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸ் என்று கடைக்காரர் கேட்டார். என் இடுப்பு உயரம் இருக்கும் என்றேன். அவர் சிரிக்காதது பெருந்தன்மைதான். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கல்யாண வீட்டு மைக் செட்டுக்காரர் விற்றது, சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடின. மற்றது ஜப்பான் சரக்கு, கறுப்பு, அம்மிக்கல் கனம். எதை எடுப்பதென்று தெரியாமல் விழித்தேன்.

வீட்டு ஸ்பீக்கரைக் கொண்டுவாருங்கள், போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் அவர். ஒன்றுதான் இருக்கிறது என்றேன். இன்னொன்று எங்கே என்றதற்கு, தம்பியிடம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒண்ண மட்டும் வச்சுப் பாத்து வாங்காதீங்க சார். தனித்தனியா நல்லாத்தான் பாடும். ரெண்டும் சேந்து இழுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

எனக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது உண்மை. தம்பியைக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டியிருந்தது அதைவிட உண்மை. ஃபோன் செய்தேன். மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கத் தஞ்சாவூர் வரவேண்டியிருக்கிறது, அப்படியே எடுத்துவருகிறேன் என்றான்.

லோடு ஆட்டோவில் வந்தான். ஸ்பீக்கரைத் துடைத்துப் பழைய போர்வையில் சுற்றியிருந்தான். மோட்டார் சாமானைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனோம்.

விளக்கு ஓடிய பெட்டி இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்ததும் உயிரை விட்டது. கறுப்புப் பெட்டி தாக்குப்பிடித்தது. ஏதோ ஒரு நாதஸ்வரக் கச்சேரி. தவில் ஒரு பக்கமும் நாதஸ்வரம் மறுபக்கமுமாகக் கடை நிறைந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம்.

"இதையே எடுத்துக்கண்ணே" என்றான்.

கச்சேரி முடிந்ததும் அவன் எழுந்து தன் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினான். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. என் வீட்டில் இருக்கட்டும் என்றால் அவன் பங்குக்கும் கை நீட்டியதாகும். உன் வீட்டில் வைத்துக்கொள் என்றால் பெரிய மனுஷத்தனம் காட்டியதாகும். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஒயரை மெதுவாக, மிக மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். ஆடாமல் இருக்கக் கயிற்றை இழுத்துக் கட்டியதும் நான்தான். அவன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டி ஸ்டார்ட் ஆனபின் டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"வேற ஒண்ணும் இல்லையேண்ணே?"

"ஒண்ணும் இல்லடா, பாத்துப் போ" என்றேன்.